பழ பேஸ்ட்ரி எங்கே சொதப்பியது? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஞாயிறு காலை 9.30. நாத்தனார் குடும்பம் 11 மணிக்கு வருவதாகப் பேச்சு; நம்மவர் கணக்கில் அது 11.30. ஓவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறேன். தட்டு முழுக்க வெண்ணெய்க் குளம். அதன் நடுவே என் பேஸ்ட்ரி சதுரங்கள் உளுந்து வடை மாதிரி சளசளவென்று பொரிந்துகொண்டிருக்கின்றன. பசியாறலையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி 'பிரஞ்ச்' வைக்கிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவித்தது நான்தான். ஓடி ஒளிய இடமில்லை.

அன்று முழுக்க ஓவனைத் திட்டினேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. வெண்ணெய் ஒரு மணி நேரம் முன்பே, மாவு தேய்த்த மேசையில், உருகி மாவோடு கலந்துவிட்டது. ஓவன் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். இந்தப் பண்டத்தில் குறை கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. அதனால் கீழே கண்ணில் படுவதைத் தலைப்பாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் போயிருக்கிறேன். உங்கள் தட்டில் தெரிவது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும்.

முதலில் என் அளவைச் சொல்லிவிடுகிறேன். மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், முக்கால் தேக்கரண்டி உப்பு, 110 முதல் 120 மில்லி ஐஸ் தண்ணீர். வெண்ணெயைச் சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்கி மாவில் புரட்டி, கட்டிகள் கண்ணுக்குத் தெரியும்போதே தண்ணீர் விட்டுச் சேர்க்க வேண்டும். பிறகு நீளமாகத் தேய்த்து, கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடிக்க வேண்டும். மொத்தம் 4 மடிப்பு. இரண்டு மடிப்புக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் ஓய்வு. கடைசியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 9 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டு உள்ளே லேசாகக் கோடு கிழித்து, நடுப்பகுதியை முள்கரண்டியால் குத்தி, ஃபிரீசரில் 15 நிமிடம். பிறகு 200 டிகிரியில் 20 நிமிடம் போல. 12 துண்டு கிடைக்கும். ஆறிய பின் கஸ்டர்ட், அதன் மேல் பழம்.

உறைந்த பேஸ்ட்ரி தாளைப் பேரங்காடியில் வாங்கிச் செய்கிறவர்களும் கீழே உள்ளதைப் பார்க்கலாம், கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான். தாளை ஃபிரிட்ஜுக்குள் வைத்து இளக விடுங்கள், அடுப்படி மேடையில் அல்ல. உறைந்த பரோட்டாவை வைத்துச் செய்கிறவர்களும் எங்கள் சிங்கப்பூரில் உண்டு. அதுவும் அடுக்கு மாவுதானே. எனக்குப் புகார் இல்லை.

வெண்ணெய் வழிந்து தட்டில் பொரிகிறது

இங்கே அதிகம் நடப்பது இதுதான். புத்தகங்களில் 'அறை வெப்பம்' என்று எழுதியிருப்பது 20 டிகிரியை மனத்தில் வைத்து எழுதியது. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் மதியம் 31, 32 டிகிரி இருக்கும். வெண்ணெய் மடிப்புக்குத் தோதாக இருப்பது சுமார் 13 முதல் 16 டிகிரிக்குள். 20ஐத் தாண்டினால் களிம்பு, 32-35இல் எண்ணெய். ஆக நம் சமையலறையின் காற்றே வெண்ணெயை உருக்கிவிடும்.

தேய்க்கும்போதே இது தெரியும். பூரிக்கட்டையில் மஞ்சளாகப் பிசுபிசுப்பு ஒட்டும், மாவின் மேல்தோல் எண்ணெய் தேய்த்த முழங்கை மாதிரி பளபளக்கும். அந்த நொடியே நிறுத்துங்கள். மேலே மாவு தூவித் தூவிச் சமாளிக்கப் பார்த்தால் பேஸ்ட்ரி வறண்டு போகுமே தவிர, கலந்த வெண்ணெய் பிரிந்து வராது. அப்படியே சுருட்டாமல் தட்டையாக பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வையுங்கள். வெண்ணெய் லேசாக மட்டும் இளகியிருந்தால் பிழைத்துவிடும். முழுக்கக் கலந்துவிட்டால் அது இனி பிஸ்கோத்து மாவு. அதைப் பழ டார்ட்டுக்கு அடித்தட்டாக்கிவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

அடுத்த முறைக்கு: ஏர்கான் உள்ள படுக்கையறையில் தேயுங்கள். சிரிக்காதீர்கள். மகளின் படிப்பு மேசையைத் துடைத்து, ஏர்கானை 22இல் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, விடியற்காலையில் நான் மாவு தேய்க்கிறேன். போர்வைக்குள்ளிருந்து "அம்மா, இது பேக்கரியா என் ரூமா?" என்று குரல் வரும். வேறு அறைக்குப் போக முடியாதவர்கள் ஒரு பெரிய தட்டில் ஐஸ் நிரப்பி, மாவு தேய்க்கும் இடத்தின் மேல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். எடுத்ததும் மேசையில் பனித்துளி படிந்திருக்கும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மாவை வைக்க வேண்டும். சாதாரணச் சமையலறையில் ஒரு மடிப்புக்கு உங்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். நடுவில் போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

மாவு சரியாக இருந்தும் வழிந்தால் அப்போது ஓவனைச் சந்தேகப்படலாம். சூடு போதாமல் உள்ளே வைத்தால், மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி வெளியே ஓடிவிடும். ஓவன் சூடேறி அதன் விளக்கு அணைந்ததும் வைக்காமல் மேலும் பத்து நிமிடம் காயவிடுங்கள். பேஸ்ட்ரி மட்டும் ஃபிரீசரிலிருந்து நேராக உள்ளே போக வேண்டும்.

இப்போது, இந்த நிமிடம், உள்ளே வழிந்துகொண்டிருக்கிறதா? வெளியே எடுக்காதீர்கள். முழுக்க வேகவிட்டு, கம்பித் தட்டுக்கு மாற்றி, அடியைக் காகிதத் துணியால் ஒற்றி எடுங்கள். அடுக்கு குறைவாக இருக்கும், மொறுமொறுப்பு இருக்கும். அன்று நாத்தனார் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பேஸ்ட்ரிக்கென்றே விற்கும் மார்கரின் போட்டால் இந்த வம்பே இல்லை, அதன் உருகுநிலை அதிகம். ஆனால் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வேண்டாம்.

எழும்பவே இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் எழும்பிச் சாய்ந்துவிட்டது

இதில் ஈஸ்ட் கிடையாது, தூக்குவது நீராவி. வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். அதோடு மாவிலுள்ள தண்ணீரும் ஆவியாகி, ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் விரிந்து, அடுக்குகளைத் தள்ளுகிறது. அந்த ஆவிக்கு வழி அடைபட்டால் எழும்பாது.

வழியை அடைப்பது பெரும்பாலும் மழுங்கிய கத்தி. அறுத்து இழுத்தால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டிக்கொள்ளும். கூரான கத்தியை நேராக மேலிருந்து கீழே ஒரே அழுத்து. அடுத்த குற்றவாளி முட்டைப் பூச்சு: மேலே தடவும்போது பக்கவாட்டில் ஒரு சொட்டு வழிந்தாலும் அது பசை. சாய்ந்து எழும்புகிற துண்டை எடுத்துப் பாருங்கள், தாழ்ந்த பக்கத்தில் மஞ்சள் கறை இருக்கும்.

சுருங்கி நீள்சதுரமாகிவிட்டது

பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் ஊறப் போடுவது எதற்காக? அதே காரணம். பிசைந்த மாவு முறுக்கேறியிருக்கும்போது தேய்த்தால் பின்னால் இழுக்கும். வெட்டுவதற்கு முன் 30 நிமிடம், வெட்டிய பின் 15 நிமிடம் குளிரில் படுக்கட்டும். சரியாகிவிடும்.

அடி சொதசொத

இதற்குத்தான் எல்லோரும் ஒரே மருந்து சொல்கிறார்கள்: "இன்னும் கொஞ்ச நேரம் வேகவை." பாதி நேரம் அது தப்பான மருந்து. சொதசொதப்பு மூன்று வகை, மூன்றுக்கும் வேறு வேறு காரணம். பிரித்தறிய ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கஸ்டர்டோ பழமோ வைக்காத துண்டு ஒன்றை எப்போதும் தனியாக எடுத்து வையுங்கள். அதுதான் சாட்சி.

சாட்சியை நடுவில் பிட்டுப் பாருங்கள். உள்ளே வெந்த கொழுக்கட்டை மேல்மாவு மாதிரி, சாம்பல் நிறத்தில் மினுமினுப்பான பட்டை தெரிந்தால் அது வேகாத மாவு. மேல்பக்கம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட்டீர்கள். திருப்பிப் பார்த்தால் அடி வெளிறியிருக்கும். தட்டை ஓவனின் கீழ்த்தட்டுக்கு இறக்கி, 180 டிகிரியில் மேலும் 6 அல்லது 8 நிமிடம். மேலே கறுக்கும் போலிருந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். அடியை நகத்தால் தட்டினால் அப்பளம் தட்டிய சத்தம் வர வேண்டும்.

சாட்சி மொறுமொறு, கஸ்டர்ட் வைத்தது மட்டும் சொதசொத என்றால், ஈரம் மேலிருந்து இறங்கியிருக்கிறது. இதற்கு வேக வைத்துப் பலனில்லை. நடுவே ஒரு தடுப்பு வேண்டும். நான் செய்வது: சூடான பேஸ்ட்ரியின் குழியில் அடித்த முட்டை வெள்ளையை மெல்லியதாகத் தடவி, ஓவனில் 2 நிமிடம் திருப்பி வைப்பேன். தோல் மாதிரி படிந்துவிடும். முட்டை சேர்க்காத விருந்தாளி என்றால் (அவர்களுக்குக் கஸ்டர்டும் கஸ்டர்ட் பவுடரில்தான்), பேஸ்ட்ரி ஆறிய பின் உருக்கிய வெள்ளை சாக்லேட்டைத் தூரிகையால் பூசி இறுகவிடுவேன். எந்தத் தடுப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உத்தரவாதம் தராது. இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் கிடைப்பது ரொட்டித் துண்டு போட்ட கஸ்டர்ட்.

சாட்சியும் தளர்ந்திருக்கிறது, ஆனால் நேற்றிரவு மொறுமொறுவென்று இருந்தது என்றால், குற்றவாளி காற்று. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். முறுக்கு டப்பாவை மூட மறந்தால் என்ன ஆகுமோ அதே கதை. நல்ல செய்தி, இது மட்டும் முழுக்கத் திரும்பும்: வெறும் பேஸ்ட்ரியை 160 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, கம்பித் தட்டில் ஆறவிட்டால் பழையபடி. முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் அதன் ஆவியே அதை நனைக்கும்.

கஸ்டர்ட் இரவு கெட்டி, காலையில் பாயசம்

250 மில்லி பால், 3 மஞ்சள் கரு, 60 கிராம் சர்க்கரை, 22 கிராம் சோள மாவு. இரவு கரண்டியைத் தூக்கினால் தொப்பென்று விழும் பதத்தில் எடுத்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்து கிண்ணத்தைச் சாய்த்தால், ஓரத்தை விட்டு விலகி மெதுவாக நடந்து வருகிறது. யாரும் தொடவில்லை, தண்ணீர் சேரவில்லை. பேய் பிடித்ததா என்று நினைத்தேன்.

மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, அமைலேஸ். கஸ்டர்ட் கெட்டியான உடனே, முட்டை திரிந்துவிடுமோ என்ற பயத்தில் அடுப்பை அணைத்தால், அந்த நொதி சாகாமல் ராத்திரி முழுக்க சோள மாவைத் தின்றுகொண்டே இருக்கும். கெட்டியான பிறகும் விடாமல் கிளறிக்கொண்டு, பெரிய குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வெடிக்கத் தொடங்கியதிலிருந்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். சோள மாவு இருப்பதால் முட்டை அவ்வளவு சுலபமாகத் திரியாது. தைரியமாக நில்லுங்கள்.

நீர்த்துப்போனதைக் காப்பாற்ற வேண்டுமா? ஒரு தேக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து அந்த ஒரு நிமிடக் கொதிப்பைக் கொடுங்கள். கொஞ்சம் மாவு வாசம் வரும். ஒரு பாண்டான் இலையை முடிச்சிட்டுக் கொதியில் போட்டால் அதுவும் மறையும். கஸ்டர்ட் பவுடரில் செய்தால் இந்தத் தொல்லை வராது, வழக்கமான கஸ்டர்ட் பவுடர் வெறும் சோள மாவும் நிறமும் மணமும்தான்.

பழம் தண்ணீர் விட்டு, கஸ்டர்ட் மேல் குட்டை

வெட்டிய பழத்தில் சர்க்கரை தூவினீர்களா? அதுதான். சர்க்கரை பழத்திலிருந்து நீரை வெளியே இழுக்கும். இனிப்பு வேண்டுமானால் கஸ்டர்டில் கூட்டுங்கள். ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவி, துடைத்து, பிறகு காம்பைக் கிள்ளுங்கள். கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் குடித்துக்கொள்ளும். எந்தப் பழமானாலும் நறுக்கிய பிறகு காகிதத் துணி மேல் பத்து நிமிடம் பரப்புங்கள்.

பழத் தேர்விலும் பாதி விஷயம் இருக்கிறது. ஏப்ரல், மே வந்தால் லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கம் அல்போன்சா மாம்பழம் பெட்டி பெட்டியாக இறங்கும், மனசு கேட்காது. ஆனால் நன்கு பழுத்த அல்போன்சாவை நறுக்கினால் நீட்டாக நிற்காது, குழைந்துவிடும். அதைக் கூழாக்கி, ஆறிய கஸ்டர்டில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து அடியில் வையுங்கள். மேலே அடுக்குவதற்குத் தாய்லாந்து மாம்பழம், கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே. தர்பூசணி வேண்டவே வேண்டாம். சிவப்பு டிராகன் பழம் பார்க்க அழகு, பத்து நிமிடத்தில் கஸ்டர்ட் ரத்தக்களரி, வெள்ளையை எடுங்கள். என்னைக் கேட்டால் பலாச்சுளைக்கு ஈடு கிடையாது. நீளவாக்கில் கீறி வைத்தால் ஒரு சொட்டு வடிவதில்லை, மணம் லிஃப்ட் வரை போகும்.

மேலே ஊற்றிய ஜெல்லி உறையவில்லை

கேள்வி ஒன்று: என்ன பழம்? வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. ஜெலட்டின் ஒரு புரதம். எத்தனை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது தண்ணீராகவே இருக்கும். டின் அன்னாசியில் இந்தப் பிரச்சினை வராது, டின்னில் அடைக்கும்போதே சூட்டில் நொதி செத்துவிடும்.

வேறு பழம் வைத்து உறைந்தது, மேசைக்கு வந்ததும் உருகியது என்றால், அது நம் ஊர் வெயில். ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். அதுவுமில்லாமல் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. சைவ உறவினரும் முஸ்லிம் நண்பர்களும் வரும் மேசையில் அதைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அகார் அகார் தூளை எடுங்கள், ஊரில் கடற்பாசி என்போமே அதேதான். 100 மில்லி தண்ணீர், கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடத் தூள், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இறக்கிய பிறகு, கொதிக்கும்போது புளிப்பு சேர்ந்தால் பிடிமானம் குறையும். 40 டிகிரியை நெருங்கும்போதே உறையத் தொடங்கும் என்பதால் சூடாக இருக்கும்போதே தூரிகையால் தடவிவிட வேண்டும். கிண்ணத்திலேயே உறைந்துபோனால் திரும்பக் காய்ச்சலாம். ஒருமுறை உறைந்தது ஏறக்குறைய 85 டிகிரி வரை உருகாது. நம் வெயில் அதனிடம் தோற்றது.

கசக்கிறது

கஸ்டர்ட் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், முதலில் பழத்தைப் பாருங்கள். கிவி, பப்பாளி, அன்னாசியின் அதே நொதி பால் புரதத்தையும் அறுக்கும். அறுபட்ட துண்டுகள் கசக்கும். பரிமாறும்போது வைத்தால் கசப்பு வர நேரமிருக்காது. முன்கூட்டியே வைத்தாக வேண்டுமா, பழத்துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரைப் பாகில் நன்றாகக் கொதிக்கவைத்து வடித்து ஆற வையுங்கள்.

ஆப்பிள், வாழைப்பழம் கறுக்காமலிருக்க, நறுக்கியதுமே லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) ஒன்றைப் பிழிந்து புரட்டுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மேலே கருகல், நடுவே பச்சை

மேசை ஓவன்களில் மேல்கம்பி பேஸ்ட்ரியின் தலைக்கு ஒரு சாண் கூட இருக்காது. திருகியில் 200 என்று இருந்தால் உள்ளே 200 என்று நம்பாதீர்கள். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தேன். என் ஓவன் 25 டிகிரி பொய் சொல்வது அன்றுதான் தெரிந்தது. தட்டைக் கீழே இறக்குங்கள், பாதி நேரத்தில் முன்பின்னாகத் திருப்புங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறையுங்கள். இன்னொன்று, ஓவனையும் தண்ணீர்க் கெண்டியையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட். இரண்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும்.

எடுத்துப்போன இடத்தில் எல்லாம் கலைந்துவிட்டது

விருந்து உங்கள் வீட்டில் இல்லையென்றால் அடுக்கி எடுத்துப் போகவே கூடாது. பேஸ்ட்ரி ஒரு டப்பாவில், கஸ்டர்ட் பிழிபையில் ஐஸ்கட்டிகளுடன், பழம் இன்னொரு டப்பாவில். கஸ்டர்டை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் நாளில் அதிலும் பாதி. அங்கே போய் பையின் நுனியை வெட்டி, பிழிந்து, பழம் அடுக்கப் பத்து நிமிடம் ஆகும். எம்ஆர்டி ரயிலில் டப்பாவைத் திறந்து நிலைமையைச் சோதிக்கலாம், ருசி மட்டும் பார்க்காதீர்கள்: 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பலாவுக்குப் பதில் டுரியான் வைக்கலாமே என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை யோசனை சொன்னார். அதை ரயிலிலேயே ஏற்றவிட மாட்டார்கள். டாக்சிக்காரரும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார்.